வாடகை வேறு, நிலத்தின் விலை வேறு

ருவான்வெல்லையைச் சுற்றியுள்ள றப்பர் தோட்டங்களில் உயர்தரம் எழுதிவிட்டுக் கொழும்புக்குப் போகும் பிள்ளைகள் பலர் உடுப்புக்கடையிலோ செருப்புக்கடையிலோதான் முதல் சம்பளம் வாங்குகிறார்கள். முன்பு அந்தக் கடைகள் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தெருவோரமாக இருந்தன. இப்போது பெரிய கடைத்தொகுதிகளுக்குள் போய்விட்டன. நான் இங்கே கணக்கீடு படிப்பிக்கிறவள். தீபாவளி லீவில் வந்த பழைய மாணவி ஒருத்தி கேட்டாள்: "எங்க மாடியில பாதி கடை பூட்டிக் கெடக்கு டீச்சர். பேப்பர்ல கம்பனிக்குக் கோடிக்கணக்குல லாபம்னு போட்டிருக்காங்க. அது எப்புடி?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் எந்தக் கடைத்தொகுதிக் கம்பனியின் ஆண்டறிக்கையையும் பயமில்லாமல் திறந்து பார்க்கலாம்.

கடைத்தொகுதிக் கம்பனி சட்டை விற்பதில்லை, சாப்பாடு விற்பதில்லை. தரையைச் சதுர அடிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. கடைக்காரர் மாதாமாதம் கட்டும் வாடகை, பராமரிப்புக் கட்டணம், சில ஒப்பந்தங்களில் விற்பனையில் ஒரு பங்கு, வாகனத் தரிப்பிடக் காசு, விளம்பரப் பலகைக்கான காசு என்று வரவு வருகிறது. மின்சாரம், குளிரூட்டி, லிப்ட், காவல், துப்புரவு ஆகியவை செலவு. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவாக இருக்கக்கூடியது வங்கி வட்டி. இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கடன் இல்லாமல் கட்டுகிறவர்கள் குறைவு.

இதுவரைக்கும் ஊரில் நாலு கடையறை கட்டி வாடகைக்கு விடுகிறவரின் கணக்கும் இதுவும் ஒன்றுதான். வித்தியாசம் அடுத்த வரியில் வருகிறது. வாடகைக்காக வைத்திருக்கும் கட்டடத்தை 'முதலீட்டு ஆதனம்' என்கிறோம். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 40இன்படி, அதை நியாயப் பெறுமதியில் காட்டத் தீர்மானித்த கம்பனி, பெறுமதி கூடினால் கூடியதை அந்த ஆண்டின் இலாபத்தில் சேர்க்க வேண்டும். குறைந்தால் நட்டத்தில் காட்ட வேண்டும். கட்டடத்தை விற்கவில்லை, ஒரு சதமும் கைக்கு வரவில்லை. ஆனாலும் இலாபம் ஏறிவிடும்.

வகுப்பில் நான் போடும் உதாரணத்தை இங்கேயும் போடுகிறேன். செலவு போக ஆண்டுக்கு 10 கோடி ரூபா வாடகை வரும் கட்டடம். முதலீட்டாளர் நூற்றுக்கு 10 வருமானம் எதிர்பார்ப்பார் என்று மதிப்பீட்டாளர் எடுத்துக்கொண்டால் அதன் பெறுமதி 100 கோடி. அடுத்த வருடம் நூற்றுக்கு 8 போதும் என்று எடுத்தால் 125 கோடி. வாடகை கூடவில்லை, புதுக்கடை ஒன்றும் வரவில்லை, 25 கோடி இலாபம் மட்டும் வந்துவிட்டது. கம்பனிக்கு 60 கோடி கடன், வட்டி நூற்றுக்கு 10 என்றால் கட்டவேண்டியது 6 கோடி. வரிக்கு முன் இலாபம் 29 கோடி என்று அறிக்கை சொல்லும். கையில் மிஞ்சியது 4 கோடி. இதில் களவு எதுவும் இல்லை, நியமப்படி சரியான கணக்கு. 29ஐ மட்டும் தலைப்பில் படித்துவிட்டுப் போகிறவருக்குத்தான் உண்மை நிலை தெரியாமல் போகும்.

தோட்டத்து ஆட்களுக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. பெருந்தோட்டக் கம்பனிகளின் கணக்கிலும் இதே வேலை நடக்கிறது. வெட்டி விற்க வளர்க்கும் மரங்களை நியமம் 41இன்படி நியாயப் பெறுமதியில் காட்டுகிறார்கள். மரம் இன்னும் மலையில்தான் நிற்கும், அது பருத்ததன் பெறுமதி இலாபத்தில் சேரும். அந்த மரத்தைக் காட்டிப் பேர் போட்ட நாளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. றப்பர்ப் பால் விற்ற காசில்தான் கொடுக்க வேண்டும்.

நம் நாட்டில் இதைப் படித்துப் பார்க்க நல்ல கம்பனி ஓவர்சீஸ் றியல்ட்டி (சிலோன்) பிஎல்சி. கொழும்புப் பங்குச் சந்தையில் உள்ளது. கோட்டையில் உள்ள உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் அதனுடையவை. 1997 ஒக்டோபரில் திறந்து சில நாட்களிலேயே பக்கத்தில் குண்டு வெடித்துச் சேதமடைந்த அதே கட்டடம். ஹெவ்லொக் சிட்டியும் அந்தக் குழுமத்தின் திட்டம்: அடுக்குமாடி வீடுகள், அலுவலகக் கோபுரம், 2023இல் திறந்த கடைத்தொகுதி.

ஹெவ்லொக் சிட்டி நிற்கும் 18 ஏக்கர் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்த காணி. அங்கே 1933இல் நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்ற இளைஞர்கள் பின்பு லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். அந்தக் கட்சியின் என்.எம். பெரேராவை 1936இல் அரசாங்க சபைக்கு அனுப்பியது எங்கள் ருவான்வெல்லைத் தொகுதி. ஆலை இருந்த இடத்தில் இன்று கடை இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் அங்கும் வேலைக்குப் போகிறார்கள். இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

கணக்குக்கு வருவோம். இந்த மாதிரிக் குழுமத்தின் வருமானத்தில் மூன்று வகை கலந்திருக்கும். வாடகை வருடாவருடம் வரும். வீடு விற்ற காசு ஒரு தடவைதான் வரும், விற்றுமுடிந்தால் நின்றுவிடும். மூன்றாவது, நான் மேலே சொன்ன பெறுமதி அதிகரிப்பு. அறிக்கையில் இவை தனித்தனி வரிகளாகவே இருக்கும். பத்திரிகைச் செய்தியில்தான் மூன்றும் ஒரே இலக்கமாகிவிடுகின்றன.

இந்தத் தொழில் எவ்வளவு ஆடக்கூடியது என்பதைக் கடந்த சில வருடங்கள் காட்டின. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு சனம் நெரிசலான இடத்துக்குப் போகவே பயந்தது. 2020இல் ஊரடங்கு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வருட இறுதியில் முதன்மை வாடிக்கையாளருக்கான கடன்வட்டியே நூற்றுக்கு 25ஐத் தாண்டியது. மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம் கூடியது. என் உதாரணக் கம்பனிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 60 கோடிக்கு 25 வீத வட்டி 15 கோடி. வாடகை 10 கோடி. 5 கோடி இடிக்கிறது. காணி விலை ஏறியது என்று எத்தனை கோடி எழுதினாலும் வங்கிக்காரர் அதை வட்டியாக ஏற்கமாட்டார்.

உலகத்தில் பெரிய கம்பனிகளே இப்படி விழுந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஜெனரல் குரோத் புரொப்பட்டீஸ் 2009 ஏப்ரலில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. அதன் கடைத்தொகுதிகள் திறந்துதான் இருந்தன, வாடகையும் வந்தது. ஏறத்தாழ 2,700 கோடி டொலர் கடனில் தவணை வந்த பகுதியைப் புதுப்பிக்க அந்த நெருக்கடி நேரத்தில் கடன் கொடுப்பார் இல்லை. பிரித்தானியாவில் லேக்சைட், ட்ரஃபோர்ட் சென்டர் போன்ற தொகுதிகளை வைத்திருந்த இன்டு 2019இல் சுமார் 200 கோடி பவுண் நட்டம் காட்டியது. அதில் பெரும்பகுதி கட்டடங்களின் பெறுமதி இறங்கியதால் வந்த நட்டம். ஏறும்போது இலாபத்தைக் கூட்டிய அதே வரி இறங்கும்போது அடிக்கிறது. அடுத்த வருடம் கொரோனாவில் வாடகை வரவும் பெருமளவு குறைந்தது. 2020 ஜூனில் கம்பனி வங்குரோத்து நிர்வாகிகளின் கைக்குப் போனது.

அமெரிக்காவில் கணக்கு முறை வேறு. அங்கே கட்டடத்துக்கு வருடாவருடம் தேய்மானம் கழிப்பதால் இலாபம் உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். அதனால் 1991 முதல் அந்தத் தொழிலுக்கென்றே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: தேய்மானத்தைத் திரும்பக் கூட்டு, சொத்து விற்ற இலாபத்தைக் கழி. இந்தியாவில் 2023 மே மாதம் நெக்சஸ் செலக்ட் ட்ரஸ்ட் என்ற ஆதன முதலீட்டு அறக்கட்டளை 17 கடைத்தொகுதிகளோடு சந்தைக்கு வந்தது. சென்னை வடபழனியில் உள்ள விஜயா மாலும் அதில் ஒன்று. அந்த வகை அறக்கட்டளைகள் பகிரக்கூடிய காசில் 90 வீதத்தையாவது பங்காளருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். காசு இருந்தால்தான் கொடுக்கலாம் என்பதால் அப்படிப் பகிர்ந்த காசின் இலக்கம் எனக்கு இலாபத்தைவிட நம்பிக்கையானது.

தோட்டத்தில் இருக்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கடையில் நிற்கும் மகளுக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 8 ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது, முதலாளி 12 கட்டவேண்டும். மத்திய வங்கி நடத்தும் அந்த நிதியின் பெரும்பகுதி அரசாங்கக் கடன்பத்திரங்களில் இருக்கிறது, ஒரு பகுதி கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனிகளில் இருக்கிறது. ஆக, நம் பிள்ளைகளின் காசும் இந்தச் சந்தையில் இருக்கிறது. அவர்கள் வேலை செய்யும் கடை நாளைக்கும் திறந்திருக்குமா என்பதும் அந்த மாடிக்காரர் வட்டி கட்டுவதைப் பொறுத்தது.

பட்டியலிட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கை பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. இலாப வரியில் நின்றுவிடாமல் காசுப் பாய்ச்சல் கூற்றுக்குப் போங்கள். தொழிற்பாட்டிலிருந்து வந்த காசு எவ்வளவு, கட்டிய வட்டி எவ்வளவு என்று அதில் பாருங்கள். அடுத்த 12 மாதத்தில் திருப்பவேண்டிய கடன் எவ்வளவு என்பதை நிதி நிலைமைக் கூற்றில் பாருங்கள். வீட்டில் உயர்தரம் கணக்கீடு படிக்கும் பிள்ளை இருந்தால் அதனிடமே கொடுங்கள், அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துச் சொல்லும்.