துவக்குக் குழலின் தேய்வு: காரணிகள் பற்றி ஒரு நோக்கு

படைக்கலம் பழுதுறுமிடத்து, அதனைக் கையிலேந்தியவனின் அசிரத்தையே காரணம் எனக் கொள்வது வழக்கு. இம்முடிபு எத்துணை பொருந்தும் என்பதைக் குழலின் உட்புறத்தையே சான்றாகக் கொண்டு நோக்குவோம். றைபிளின் வரலாற்றை 1860-61ஆம் ஆண்டுகளில் கட்டுரைத் தொடராக எழுதிய ஏங்கெல்ஸ், பின்னர் படைபலம் உற்பத்தி நிலைமைகளையே சார்ந்துள்ளதென வற்புறுத்தியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

றைபிள் குழலினுள் சுருளாகச் செல்லும் தவாளிப்புகள் ரவையைச் சுழலச் செய்வன. அங்கு சிதைவு எவ்விடத்தில், எவ்வடிவில் உள்ளது என்பதே அதன் காரணத்தை உணர்த்தும். தோட்டா அமரும் அறையை அடுத்து, தவாளிப்பின் விளிம்புகள் மழுங்கி வலைபோன்ற நுண்வெடிப்புகள் காணப்படின், அது வெப்பவாயுக்களின் அரிப்பு. குழல்வாய் ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருப்பின், துப்புரவுக் கயிறோ கோலோ அப்பக்கம் உராய்ந்திருத்தல் கூடும். வளையம்போற் புடைத்திருப்பின், அடைப்பு இருக்கையிற் சுடப்பட்டது எனலாம். குழல் நெடுகிலும் சிறுகுழிகள் பரந்திருப்பின், அது துரு.

முதல்வகைக்கு லீ-மெற்போட் றைபிள் தக்க சான்று. 1888இல் பிரித்தானியப் படை ஏற்ற அதன் ஆழமற்ற ஏழு தவாளிப்புகள் கரிமருந்துக்கு ஏற்றவை. அடுத்து வந்த கோடைற்று மருந்தின் வெப்பத்தை அவை தாங்கவில்லை. 1895இல் ஆழமான ஐந்து தவாளிப்புகள் கொண்ட என்பீல்ட் குழல் புகுத்தப்பட்டது. மருந்து முன்னேறக் குழல் பின்தங்கிய இம்முரண்பாட்டை எந்தப் படைவீரனின் கவனமும் தீர்த்திராது.

துருவின் கதை மேலும் தெளிவூட்டுவது. துப்புரவு செய்து எண்ணெயிட்ட பின்னரும் குழல்கள் துருப்பிடித்தன. பழி படைவீரன்மீதே விழுந்தது. 1922இல் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தைச் சேர்ந்த வில்பேட் ஹஃப் உண்மையை வெளிப்படுத்தினார். தோட்டாவின் அடியிலுள்ள எரியூட்டியிற் கலந்த பொற்றாசியம் குளோரேற்று, எரிந்ததும் பொற்றாசியம் குளோரைட்டு என்னும் உப்பாகிக் குழலிற் படிகின்றது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 84 சதவீதத்தைக் கடந்ததும் அது நீரை ஈர்த்துக் கரைந்து உருக்கை அரிக்கின்றது. எண்ணெய் உப்பைக் கரைப்பதில்லை, மூடிவைக்கின்றது.

மாரிகாலத்தில் அடுக்களை உப்புச்சாடி கசிவதைக் காணும் குடாநாட்டவர்க்கு இது விளங்குதற்கரிய செய்தியன்று. கடல்சூழ்ந்த இம்மண்ணில் பொலிசார் நெடுங்காலம் ஏந்திய 303 றைபிள்களும் இவ்விதிக்கு விலக்கல்ல. குழலினுள் கொதிநீர் ஊற்றி, உலர்த்தி, அதன்பின் எண்ணெயிடுதலே பரிகாரம். இதனைப் பிரித்தானியப் படைவீரர் முதலாம் உலகப்போர்க் காலத்திலேயே கைக்கொண்டிருந்தனர். நடைமுறை அறிவு ஆய்வுக்கூட விளக்கத்தை முந்தியிருந்தது.

1920களின் இறுதியில் ஜேர்மனியில் குளோரேற்று அற்ற எரியூட்டிகள் உருவாயின. அவை பரவிய இடங்களில் இவ்வகைத் துரு மறைந்தது. மாறியது படைவீரனின் ஒழுக்கமன்று, தொழிற்சாலையின் கலவையே. எனவே, உழைப்பவனின் அசிரத்தை என ஒரு பழுதைத் தீர்ப்பிடுமுன், அவன் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள் எவ்வாறு ஆக்கப்பட்டது என வினவுதல் ஆய்வறிவின் முதற்கடனாகும்.