களிம்புக்கு முன்னால் ஒரு சோதனை

"தம்பி, இந்த நகத்துக்கு ஒரு ஆயின்மென்ட் குடு" என்று சொல்லிக்கொண்டே செருப்பிலிருந்து காலை உருவிக் காட்டுவார்கள். கட்டைவிரல் நகம் மஞ்சள் பாரித்து, தடித்து, நுனியில் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும். மன்னார்குடிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நடவு, களையெடுப்பு என்று சேற்றில் நிற்கிற பெண்களும், நாள் முழுக்க ஷூவைக் கழற்ற முடியாத செக்யூரிட்டிக்காரர்களும்தான் நகச்சொத்தையோடு அதிகம் வருகிறார்கள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் நகத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள், மருந்து அப்புறம்.

சொத்தை மாதிரித் தெரிகிற நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருகிறது. சொரியாசிஸ் இருந்தாலும் நகம் தடிக்கும், குழி விழும். ஷூ இறுக்கிப் பிடித்து விரலை இடித்துக்கொண்டே இருந்தாலும் நகம் நிறம் மாறித் தோலைவிட்டுக் கிளம்பும். இதற்கெல்லாம் பூஞ்சை மருந்து பூசினால் காசுதான் போகும். ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு வந்து, அது அகலமாகிக்கொண்டே போனாலோ, பக்கத்துத் தோலுக்கும் பரவினாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாக அது புற்றுநோயாக இருக்கும்.

சோதனை என்றதும் பயப்படுகிறார்கள். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் என் அம்மாவுக்குச் செய்தபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஸ்பிரிட்டால் நகத்தைத் துடைத்தார்கள். தளர்ந்த நுனியை வெட்டிப் போட்டுவிட்டு, நல்ல நகமும் சொத்தையும் சேருகிற இடத்துக்கு அடியில் பிளேடால் மெல்லச் சுரண்டினார்கள். ரவை போல உதிர்ந்த தூளைக் கறுப்புத் தாளில் பிடித்துக்கொண்டார்கள். அம்மா வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தூளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் நகத்தின் புரதம் கரைந்து, மைக்ராஸ்கோப்பில் பூஞ்சையின் இழைகள் கிளை பிரிந்து தெரியும். எந்த வகைப் பூஞ்சை என்று அறியக் கல்ச்சர் வைக்க வேண்டும்; அதற்குச் சில வாரம் பிடிக்கும். ஏற்கெனவே பூஞ்சை மருந்து பூசிக்கொண்டிருந்தால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். அதனால்தான் மருந்து அப்புறம் என்கிறேன்.

பூஞ்சைதான் என்று உறுதியானால் பெரும்பாலும் டெர்பினாஃபின் 250 மி.கி. மாத்திரை எழுதுவார்கள். தினம் ஒன்று, கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். ஆரம்பிக்கும் முன் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை வேண்டும். சிலருக்கு நாக்கில் ருசி மரத்துப்போகும். பசி போய், சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளானால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். இட்ராகோனசோல் என்று இன்னொரு மாத்திரை இருக்கிறது. இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது, சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடும் சேராது. சொத்தை நுனியளவில் நின்றிருந்தால் நகப்பூச்சாக வரும் அமோரால்ஃபின் போதலாம். அதையும் மாதக்கணக்கில் விடாமல் பூச வேண்டும்.

"மூணு மாசம் முழுங்கிட்டேன், நகம் அப்படியேதான் இருக்கு" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. கெட்டுப்போன நகம் திரும்ப நல்ல நகமாவதில்லை. அடியிலிருந்து புது நகம் வளர்ந்து அதை வெளியே தள்ள வேண்டும். கால்நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கட்டைவிரல் நகம் முழுசாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும். வேர்ப்பக்கம் தெளிவான நகம் தலைகாட்டினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

எனக்கு உண்மையான கோபம் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் மேல். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். உள்ளே பூஞ்சை தழைக்கும். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியும் பல கடைகளில் கேட்டால் கிடைக்கிறது. டெர்பினாஃபினுக்கு மசியாத படர்தாமரை இன்று நம் நாட்டில் பரவிக் கிடக்கிறது. மருந்தை இஷ்டத்துக்குப் பூசியதற்கும் அதில் பங்குண்டு என்பது என் எண்ணம். என் கடையில் சீட்டில்லாமல் தருவதில்லை.

மருதாணி அரைத்துக் கட்டலாமா என்று கேட்பார்கள். அதன் நிறம் ஏறிவிட்டால் நகத்தின் உண்மையான நிறம் மருத்துவருக்குத் தெரியாமல் போகும். வேப்பெண்ணெயும் வினிகரும் தடித்த நகத்தைத் தாண்டி அடிவரை போவதில்லை. பச்சைப் பூண்டு தோலைப் புண்ணாக்கிவிடும். வீட்டில் செய்ய வேண்டியது வேறு. குளித்ததும் விரலிடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். சேற்றுப்புண், படர்தாமரை இருந்தால் அதற்கும் சேர்த்து வைத்தியம் பாருங்கள்; பெரும்பாலும் அதே பூஞ்சைதான் நகத்துக்கும் ஏறுகிறது. சாக்ஸைத் தினமும் மாற்றுங்கள். நகவெட்டியை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அழகுப் பிரச்சினை இல்லை. தடித்த நகம் குத்திக் கிழித்த புண், காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தெரியாமலே பெரிதாகும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.