ஆற்றைப் படிக்கலாம், வாங்க!

பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளைகளிடம், "ஆறு எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். "மணலா இருக்கும்!" என்று பலர் சொல்வார்கள். பாலாற்றில் வருடத்தின் பெரும்பாலான நாட்களில் மணல்தானே தெரிகிறது!

ஆனால், அந்த ஊர்க் கதையில் வரும் ஆறு அப்படிப்பட்டதல்ல. ஏகாம்பரநாதர் கோவில் தல வரலாறு தெரியுமா? காமாட்சி அம்மன் மணலால் லிங்கம் பிடித்து வழிபடும்போது, கம்பை ஆறு பெருக்கெடுத்து வருகிறது. லிங்கம் கரைந்துவிடாமல் அம்மன் அதைத் தழுவிக் காப்பாற்றுகிறாள். காஞ்சியை ஒட்டி ஓடும் இன்னொரு ஆற்றின் பெயரே வேகவதி. 'வேகமாகப் போகிறவள்' என்று அர்த்தம்!

இப்படிச் சீறிப் பாயும் ஆற்றில் ரப்பர் படகில் போகும் விளையாட்டுக்கு 'ராஃப்டிங்' என்று பெயர். ஒருவரோ இருவரோ மட்டும் உட்காரும் ஒல்லியான படகில் போனால் அது 'கயாக்கிங்'. சில குடும்பங்கள் இரண்டு, மூன்று நாட்கள் ஆற்றோடே பயணம் செய்கின்றன. நாமும் ஒரு சுற்று போய் வரலாமா?

எங்கே போவது?

இந்தியாவில் இதற்குப் பேர் போன இடம், உத்தரகண்ட் மாநிலத்தில் உள்ள ரிஷிகேசம். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை சுமார் 75 கி.மீ. அங்கிருந்து ரயிலில் ஏறினால், சுமார் 2,180 கி.மீ. தாண்டி டில்லி. அப்புறம் இன்னும் 240 கி.மீ. போனால் ரிஷிகேசம்.

அதற்கும் மேலே, தேவப்பிரயாகை என்ற ஊரில் அலக்நந்தா, பாகீரதி என்ற இரு ஆறுகள் சேர்கின்றன. அதன் பிறகுதான் அந்த ஆற்றுக்குக் 'கங்கை' என்று பெயர். தேவப்பிரயாகையிலிருந்து ரிஷிகேசம் வரை சுமார் 70 கி.மீ. பகலில் துடுப்புப் போட்டு, இரவில் தங்கி, மறுநாள் மீண்டும் படகில் ஏறி இந்தத் தூரத்தைக் கடக்கிறவர்கள் உண்டு.

புதியவர்கள் எடுத்த எடுப்பிலேயே அப்படிப் போக மாட்டார்கள். முதல் நாள், பிரம்மபுரியிலிருந்து ரிஷிகேசம் வரை 10 கி.மீ.க்குள் முடியும் சின்னப் பயணம். அடுத்த நாள், சிவபுரியிலிருந்து 16 கி.மீ. நன்றாகப் பழகியபின், கௌடியாலாவிலிருந்து சுமார் 36 கி.மீ.

ஒரு விஷயம்... அங்கே ராஃப்டிங் போக 14 வயதாகியிருக்க வேண்டும். தம்பி, தங்கைகள் கரையிலிருந்து கை காட்டலாம்!

தண்ணீர் ஏன் வெள்ளையாகிறது?

டீக்கடையில் மாஸ்டர் டீ ஆற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உயரத்திலிருந்து ஊற்ற ஊற்ற, நுரை பொங்குகிறது. டீயோடு காற்றும் கலப்பதுதான் காரணம். ஆற்றிலும் அதேதான் நடக்கிறது. சரிவான இடத்தில் வேகமாக வரும் நீர், பாறையில் மோதிப் புரளும்போது காற்றுக் குமிழிகள் கலந்து வெள்ளையாகிவிடுகிறது.

இப்படிப்பட்ட இடத்துக்கு 'ரேப்பிட்' என்று பெயர். (முயல் இல்லை!) எவ்வளவு கடினம் என்பதைப் பொறுத்து ரேப்பிட்களை 1 முதல் 6 வரை வகுப்பு பிரித்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு, சிற்றலை. ஆறாம் வகுப்பு, உயிருக்கே ஆபத்து. ஆமாம், இங்கே வகுப்பு ஏற ஏறப் பயமும் ஏறும்!

கங்கையில் உள்ள ரேப்பிட்களுக்குப் பட்டப்பெயர்களும் உண்டு. 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்', 'சுவர்' என்று பொருள்படும் 'தி வால்'... இதில் 'தி வால்' மிகவும் பொல்லாதது. பல படகுகளைக் கவிழ்த்திருக்கிறது.

ஆறு எழுதும் எழுத்து

படகின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் வழிகாட்டி, ஒவ்வொரு ரேப்பிட்டுக்கு முன்பும் ஆற்றை உற்றுப் பார்ப்பார். எதற்குத் தெரியுமா? ஆற்றைப் 'படிக்க'!

ஆங்கில 'வி' எழுத்து போல, முனை நம்மை விட்டு விலகிக் கீழ்த்திசையைக் காட்டினால், அது வழுவழுப்பான பாதை. அதன் நடுவே போகலாம். அதே 'வி' எழுத்தின் முனை நம்மைப் பார்த்து இருந்தால், உஷார்! அங்கே தண்ணீருக்குள் பாறை ஒளிந்திருக்கிறது.

பெரிய பாறைக்குப் பின்னால் இன்னொரு அதிசயம். அங்கே தண்ணீர் மேல்நோக்கித் திரும்பி ஓடும். கயாக் ஓட்டுகிறவர்கள் அந்த இடத்தில் நுழைந்து, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வார்கள்.

ஆனால், எல்லாச் சுழலும் நண்பன் அல்ல. நீர் பாறை மேலேறிக் குதிக்கும் இடத்தில் உருவாகும் சுழல், ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பார்ப்பதற்குச் சின்னதாக இருக்கும். அதுதான் ஆபத்து!

எல்லாரும் ஒரே துடுப்பு

பட்டுச்சேலையில் கோர்வை நெய்வதைக் காஞ்சிபுரத்தில் பார்த்திருக்கிறீர்களா? உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியில் இருவர் உட்கார்ந்து, ஒருவர் கைக்கு ஒருவர் கை பொருந்தி நாடா தள்ளினால்தான் கரையும் உடலும் பிசிறில்லாமல் சேரும். ராஃப்டிங்கும் அதே மாதிரிதான்.

"ஃபார்வர்டு!" என்று வழிகாட்டி சொன்னால், எல்லாரும் ஒரே நேரத்தில் முன்னோக்கித் துடுப்புப் போட வேண்டும். "பேக்!" என்றால் பின்னோக்கி. "கெட் டவுன்!" என்றால், படகுக்குள் இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் அப்பா பெரியவர், அக்கா சின்னவர் என்பதெல்லாம் இங்கே கிடையாது. பாதிப் பேர் துடுப்பை நிறுத்தினால், படகு பாறையைப் பார்த்துத் திரும்பிவிடும்.

ராஃப்டில் பல காற்று அறைகள் இருக்கும். ஒன்றில் ஓட்டை விழுந்தாலும், மற்றவை மிதக்க வைக்கும். லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் கட்டாயம். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதில் விலக்கில்லை.

விழுந்துவிட்டால்? மல்லாந்து படுத்து, கால்களை ஆறு ஓடும் பக்கம் நீட்டி, பாதங்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு மிதக்க வேண்டும். எழுந்து நிற்கவே கூடாது! பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால், வேகமாக வரும் தண்ணீர் ஆளை அமுக்கிவிடும். படகிலிருந்தோ கரையிலிருந்தோ கயிறு எறிவார்கள். அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

எவரெஸ்ட் வீரரைத் தடுத்த கங்கை

எவரெஸ்ட் சிகரத்தில் 1953-ல் டென்சிங்குடன் முதலில் கால் வைத்த எட்மண்ட் ஹிலாரி, 1977-ல் கடலிலிருந்து கங்கை வழியாக இமயமலை நோக்கி ஜெட் படகுகளில் புறப்பட்டார். மகன் பீட்டரும் உடன் வந்தார். ரேப்பிட்களை எதிர்த்து மேலே மேலே ஏறினார்கள். நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி குறுக்கே நின்றது. எவரெஸ்ட்டையே வென்றவர் என்ன செய்தார் தெரியுமா? படகை அங்கேயே நிறுத்திவிட்டு, மலையை நோக்கி நடக்கத் தொடங்கினார். முடியாத இடத்தில் நிறுத்திக்கொள்வதும் வீரம்தான், இல்லையா?

நம் பக்கத்தில்...

மழைக்காலத்தில் கங்கை பொங்குவதால், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ரிஷிகேசத்தில் ராஃப்டிங்கை நிறுத்திவிடுவார்கள். கேரளாவில் நேர் எதிர்! கோழிக்கோடு மாவட்டத்தின் சாலிப்புழா, இருவஞ்சிப்புழா ஆகிய சிற்றாறுகளில் மழை பெய்தால்தான் கயாக் விளையாட்டு. 2013-ல் தொடங்கிய மலபார் நதித் திருவிழாவுக்குப் பல நாட்டு வீரர்கள் வந்து போட்டியிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில், ஒகேனக்கலில் காவிரியின் பாறைகளுக்கு நடுவே பரிசல் ஓடுகிறது. தட்டு போல வட்டமான படகு அது. காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்கு உடனே தடை போட்டுவிடுவார்கள். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று யாரும் அடம்பிடிக்கக் கூடாது!

சரி, நம்ம மணல் ஆற்றுக்கு இதெல்லாம் எதற்கு?

2021 நவம்பரில், அந்தப் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. வாலாஜாபாத் – அவளூர் தரைப்பாலம் தண்ணீரில் மூழ்கியது. வருடக்கணக்கில் மணலாகக் கிடக்கும் ஆறு, நாலு நாள் மழையில் கதைகளில் வரும் ஆறாகிவிடும். மணல் அள்ளிய இடங்களில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். தண்ணீர் வந்துவிட்டால், அவை வெளியே தெரியாது. மேலே அமைதி, உள்ளே பள்ளம்!

கங்கையில் போகிறவர்களுக்கு வழிகாட்டி, ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், கயிறு எல்லாம் உண்டு. ஊர் ஆற்றில் குளிக்க இறங்கும் பிள்ளைகளுக்கு அது எதுவுமே இல்லை. எனவே குட்டீஸ், பெரியவர்கள் துணையில்லாமல் ஆற்றில் இறங்காதீர்கள். வெள்ளம் வந்தால், யாருடனும் இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்தவரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த மழைக்கு ஆற்றில் தண்ணீர் வந்தால், அப்பா அம்மாவோடு மேட்டில் பத்திரமாக நின்று பாருங்கள். எங்கே 'வி' தெரிகிறது? எங்கே நீர் திரும்பி ஓடுகிறது? எங்கே வெள்ளை? கரையில் நின்றபடியே ஆற்றைப் படிக்கலாம்.