பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள்

கர்நாடக எல்லையோரத் தளியில் காலை பஸ்ஸுக்கு நிற்பவர்களின் பேச்சைக் கேட்டு, யார் எந்தப் பக்கம் போகிறவர் என்று சொல்லிவிட முடியாது. தெலுங்கு பேசுகிறவர் ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போவார். தமிழ் பேசுகிறவர் எல்லை தாண்டி ஆனேக்கல் போய் அங்கிருந்து ஜிகனிக்கோ பொம்மசந்திராவுக்கோ பஸ் மாறுவார். போனில் கன்னடம் பேசிக்கொண்டிருக்கும் அம்மா, தேன்கனிக்கோட்டையில் மனு கொடுக்கக் கிளம்பியிருப்பார். இங்கே மாநில எல்லை என்பது பெயர்ப்பலகையில் எழுத்து மாறுகிற இடம், அவ்வளவுதான். பெண் கொடுத்ததும் எடுத்ததும், ஆஸ்பத்திரியும் சந்தையும் அந்தப் பலகைக்கு இரண்டு பக்கமும் கலந்தே கிடக்கின்றன.

கொரோனா வந்த 2020 மார்ச்சில்தான் அது ஒரு கோடு என்று உறைத்தது. நாடு முழுவதற்குமான ஊரடங்கு மார்ச் 25-ல் தொடங்கியது. எல்லைச் சாலைகள் அதற்குச் சில நாள் முன்பே மூடிக்கொண்டன. அடுத்து, நோய்ப் பரவலைப் பொறுத்து மாவட்டங்களுக்கு நிறம் குறித்து வந்த பட்டியல் ஒரு வேடிக்கையைக் காட்டியது. ஏப்ரல் 30 தேதியிட்ட அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரிதான். மாநிலத்திலேயே நோய்க்குத் தப்பிய மாவட்டம் என்று பெயர், ஆனால் தளியில் குடியிருந்தவருக்கு இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆனேக்கலுக்குப் போக வழியில்லை. மே மாதம் அந்தப் பச்சையும் போயிற்று.

ஜூனில் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, 60 சதவீத இருக்கைகளோடு பஸ் விட்டார்கள். கிருஷ்ணகிரி சேர்ந்த மண்டலத்தில் தருமபுரி, திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை. தளிக்காரர் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ராணிப்பேட்டைக்கு இ-பாஸ் இல்லாமல் போகலாம். அங்கே அவருக்கு என்ன வேலை? ஆனால் எல்லைக்கு அப்பால் பக்கத்து ஊரில் இருக்கும் கம்பெனிக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊரைப் பிரித்தால் இப்படித்தான் ஆகும். ஆட்கள் தினமும் எங்கே போய் வருகிறார்கள் என்று பார்த்துப் பிரித்திருந்தால் அத்திப்பள்ளியும் ஆனேக்கலும் ஓசூரும் தளியும் ஒரே மண்டலமாகியிருக்கும்.

அந்த பஸ்ஸும் ஒரு மாதம்தான். ஜூலை 1-ல் மறுபடி நின்றது. செப்டம்பர் 1-ல் மாவட்டத்துக்குள்ளும், 7-ம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டமும் பஸ் ஓடத் தொடங்கியது. மாநிலம் விட்டு மாநிலம் மட்டும் இல்லை. பெங்களூரிலிருந்து வந்தவர்கள் அத்திப்பள்ளியில் இறங்கி, பையைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு, எல்லையைக் கடந்து ஜூஜுவாடிக்கு நடந்து, அங்கே ஓசூர் பஸ் பிடித்தார்கள். தீபாவளிக்காக நவம்பர் 11-ல் பஸ்ஸை விடும்வரை இதுதான் நிலைமை. இரண்டாம் அலையில் நின்ற பஸ், 2021 ஆகஸ்ட் 23-ல்தான் மீண்டும் எல்லை தாண்டியது. இந்த நடை புதிதும் அல்ல. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பஸ்கள் நின்றபோதும் இதே சாலையில் இதே மாதிரிதான் நடந்தார்கள். எது நடந்தாலும் முதலில் நிற்பது பஸ். பஸ் நின்றால் நடப்பவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள்.

நோய்க்காலத்துச் சீட்டும் பழைய சங்கதிதான். 1898-ல் பெங்களூரில் பிளேக் பரவியது. அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில், நோய் கண்ட ஊரிலிருந்து வருகிறவருக்கு பிளேக் பாஸ்போர்ட் என்று ஒன்று கொடுப்பார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் அதைக் காட்டி, உடம்பு நன்றாக இருப்பதை நிரூபிக்க வேண்டும். பெங்களூரிலும் கோவையிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. அன்றைக்கு வந்த பயம் நோய் தணிந்ததும் தணிந்தது, ஜனங்கள் பழையபடி வண்டி கட்டிக் கூட்டமாகப் போனார்கள். இந்த முறை அது நடக்கவில்லை என்பதுதான் என் கவலை.

ஊரடங்கு தளர்ந்து ஓசூர் ஆலைகள் திறந்தபோது பஸ் இல்லை. கம்பெனி பஸ்ஸில் பாதி சீட்டுதான். ஷிஃப்டுக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் வேலை இருக்குமா என்ற பயம். வேறு என்ன செய்வார்கள்? செகண்ட் ஹேண்ட் வண்டி ஒன்றைப் பிடித்தார்கள், அல்லது புதிதாக டியூவில் எடுத்தார்கள். நாடு முழுக்க ஓடும் இருசக்கர வண்டிகளில் பலவற்றைச் செய்து அனுப்புகிற ஊர் ஓசூர். அந்த வண்டிகளைப் பூட்டிக் கொடுத்த கைகளே, வேலைக்குப் போய்ச் சேருவதற்காகக் கடனில் வண்டி வாங்கின. ஒருவர் மூச்சு மற்றவர் மேல் படுகிற பஸ்ஸை விட இது பாதுகாப்பு என்றும் அப்போது சொல்லப்பட்டது; அந்த நேரத்தில் அது சரிதான்.

நோய் போனது, டியூ போகவில்லை. 2021 ஜூலையில் சென்னையிலேயே பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. தளியிலிருந்து ஓசூர் போய்வர ஐம்பது கிலோமீட்டர். பஸ் திரும்பி வந்த பிறகும் வண்டி வாங்கியவர் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை, ஏனென்றால் டியூ கட்டுகிற வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு டிக்கெட்டுக்கும் காசு கொடுக்க யாருக்கும் மனம் வராது. இப்படித்தான் ஒரு பழக்கம் கெட்டிப்படுகிறது. பஸ்ஸில் ஆண்கள் குறைந்தால் வசூல் குறையும். வசூல் குறைந்தால் முதலில் ஆபத்து வருவது விடியற்காலை டிரிப்புக்கும் ராத்திரி டிரிப்புக்கும்தான். அந்த இரண்டும்தான் ஷிஃப்ட் வேலைக்காரரின் உயிர்.

பெண்கள் கதை வேறு. பூந்தோட்டத்துப் பசுமைக்குடிலில் ரோஜா கட்டும் பெண்ணும், எல்லைக்கு அப்பால் கார்மென்ட்ஸில் தைக்கும் பெண்ணும் பஸ்ஸை நம்பித்தான் வேலைக்குப் போனார்கள். பஸ் நின்றதும் கணவன் அல்லது தம்பி வண்டியின் பின்சீட்டு. அவனுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் இவளுக்கு லீவு. அவன் கம்பெனி இருக்கும் திசையில் இருந்தால்தான் இவளுக்கு வேலை. பஸ் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு தானே ஏறி இறங்கியவள், ஒரே மாதத்தில் கேட்டுக்கொண்டு போக வேண்டியவள் ஆனாள். இந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

2021 மே 8 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனது. மே 10-ல் முழு ஊரடங்கு, பஸ்ஸே நின்றது. கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் ஜூன் 28-ல்தான் மறுபடி ஓடியது. தாமதமாக வந்தாலும் இந்தப் பகுதிப் பெண்களை மீண்டும் வெளியே அழைத்து வந்ததில் அந்த இலவசப் பயணத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் எழும்பிய செல்போன் உதிரிபாக ஆலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குக் கம்பெனி பஸ்ஸும் விடுதியும் இருக்கின்றன. அக்கம்பக்கத்துக் கிராமத்தில் ராகி அறுக்கவோ பூப்பறிக்கவோ போகிறவளுக்கு அந்த பஸ் நிற்காது.

வண்டி வந்ததால் பல பெண்களும் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றார்கள், யார் தயவும் இல்லாமல் போகிறார்கள் என்பார்கள். உண்மைதான். கற்றுக்கொள்ள ஒரு வண்டி வீட்டில் இருந்தவர்களுக்கு அது வாய்த்தது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது, அந்த வண்டிகள் இருட்டில் போகிற ஜவளகிரிச் சாலை. தளியைச் சுற்றி இருப்பது வெறும் வயல் அல்ல. பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் மழைக்காலம் முடிகிற சமயத்தில், ராகி முற்றுகிற பருவத்தில் இந்த வழியாகத்தான் வருகின்றன. இருட்டுவதற்கு முன்பே காட்டோரத்தில் இறங்கி நிற்கும், விடியற்காலையில் சாலையைக் கடக்கும். ஷிஃப்டு மாறுகிற நேரமும் அதுதான். பஸ் என்றால் பெரிய விளக்கு, பெரிய சத்தம், தகரச் சுவர், நாற்பது பேர் துணை. வழியில் யானை நின்றால் டிரைவர் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். மொபெட்டில் போகிறவனுக்கு ஒரு சின்ன விளக்கு. வளைவு திரும்பியதும் எதிரே கறுப்பாக ஏதோ நிற்பது தெரியும்போது திருப்ப இடம் இருக்காது. மார்கழிப் பனி வேறு. தளியின் குளிரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்றார்கள். அந்தப் பனியில் பத்தடி தூரம் தெரியாது.

ஆகவே இந்தப் பக்கத்துச் சாலைகளில் இரவு ஷிஃப்டு முடிந்து வருகிறவர்கள் காடு தொடங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். இன்ஜினை அணைத்து, காதைத் தீட்டிக்கொண்டு, பின்னால் வேறு வண்டி வருகிறதா என்று பார்க்கிறார்கள். ஒன்று வரும், இன்னொன்று வரும். நாலைந்து சேர்ந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்துக்கொண்டு, ஒட்டி ஒட்டிக் காட்டைக் கடக்கிறார்கள்.