உயர் பகு எண்கள் (இராமானுசனின் ஆய்வுக் கட்டுரை)

உயர் பகு எண்கள் என்பது கணித மேதை சீனிவாச இராமானுசன் எழுதி, 1915 ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் வெளியான நீண்ட ஆய்வுக் கட்டுரையாகும். அச்சுச் செலவைக் குறைப்பதற்காக இதன் பிற்பகுதி நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட பகுதி 82 ஆண்டுகள் கழித்தே ஓர் ஆய்விதழில் தனிக் கட்டுரையாக வெளிவந்தது.

பின்னணி

இராமானுசனின் முதல் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, 1911 இல் இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. அதன் ஆசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார். முடிவுகள் புதுமையானவையாக இருந்தும், அவற்றை முன்வைத்த முறை மிகச் சுருக்கமாகவும் தெளிவின்றியும் இருந்ததால் கைப்படி பலமுறை திருத்தத்திற்குத் திரும்பியது. முடிவை மட்டும் எழுதிவிட்டு நிறுவலை விட்டுவிடும் பழக்கம் அவருக்கு இருந்ததை அவரது குறிப்பேடுகளில் காணலாம்.

1914 ஏப்ரலில் இங்கிலாந்து சென்ற இராமானுசன், ஜி. எச். ஆர்டியுடன் பணியாற்றிய காலத்தில் எழுதிய இக்கட்டுரையின் அமைப்பு முற்றிலும் வேறானது. அறிமுகத்திலேயே முடிவுகள் தொகுத்துக் கூறப்படுகின்றன. எளிய முடிவுகளிலிருந்து கடினமானவற்றுக்குப் படிப்படியாக வாதம் நகர்கிறது.

உள்ளடக்கம்

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும் விட மிகுதியான வகுஎண்களைக் கொண்ட எண் உயர் பகு எண் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12 க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுஎண்கள் உள்ளன. 12 க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. 24, 36, 48, 60, 120 ஆகியனவும் இத்தகையன. இவற்றைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால் அடுக்குகள் இறங்கு வரிசையிலோ சமமாகவோ அமையும் என்றும், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்றவற்றில் கடைசி அடுக்கு 1 என்றும் இராமானுசன் நிறுவினார். கையால் கணக்கிட்டு 6746328388800 வரை ஒரு பட்டியலும் தந்தார். அதில் 293318625600 என்ற ஒன்று மட்டும் விடுபட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. கணினி இல்லாத காலத்தில் இது வியப்புக்குரிய துல்லியமே.

நீக்கப்பட்ட முடிவுப் பகுதி

அக்காலத்தில் இலண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்தது. செலவைக் குறைக்க இராமானுசன் தாம் எழுதியதில் ஒரு பகுதியை நீக்கியதாக, 1927 இல் வெளியான அவரது கட்டுரைத் தொகுப்பில் குறிப்பிடப்பட்டுள்ளது. அவ்வாறு நீக்கிய பின்னும் கட்டுரை 63 பக்கங்கள் இருந்தது. இப்பணிக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ச்சு பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வு வழி இளங்கலைப் பட்டம் வழங்கியது.

அச்சான கட்டுரை, வகுஎண்களின் எண்ணிக்கை எவ்வளவு பெரிதாகலாம் என்ற வினாவுடன் நின்றுவிடுகிறது. நீக்கப்பட்ட பகுதியோ அதே முறையை வகுஎண்களின் கூட்டுத்தொகை போன்ற பிற சார்புகளுக்கு நீட்டிக்கிறது. ரீமன் கருதுகோள் உண்மையெனில், போதிய அளவு பெரிய எண் ஒவ்வொன்றின் வகுஎண் கூட்டுத்தொகையும் ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் அடங்கும் என்பது அதிலிருந்து கிடைக்கும் முடிவாகும். அவ்வரம்பைப் பெற, அந்த எண்ணை அதன் இயல் மடக்கையின் இயல் மடக்கையாலும், ஏறத்தாழ 1.781 என்ற மாறிலியாலும் பெருக்க வேண்டும்.

1984 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கி ராபின், இப்பகுதியை அறியாமலேயே இதே திசையில் மேலும் சென்றார். 5040 ஐ விடப் பெரிய எல்லா எண்களும் அவ்வரம்புக்குள் அடங்குவதும் ரீமன் கருதுகோள் உண்மையாவதும் ஒன்றே என அவர் நிறுவினார். 5040 உம் 60 வகுஎண்கள் கொண்ட ஓர் உயர் பகு எண்ணே. அதன் வகுஎண்களின் கூட்டுத்தொகை 19344. வரம்போ ஏறத்தாழ 19237. ராபினின் தேற்றம் இராமானுசனுடையதை விட வலுவானது. எனினும் அதற்கான பாதையின் ஒரு பகுதி எழுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டு, அச்சேறாமல் கிடந்தது.

கைப்படியின் நகல் 1988 இல் "தொலைந்த குறிப்பேடு" தொகுப்பில் இடம்பெற்றது. ஜான் லூயி நிக்கோலா, ராபின் ஆகியோரின் விளக்கக் குறிப்புகளுடன் அது 1997 இல் இராமானுசன் பெயரிலேயே அமைந்த "இராமானுசன் சர்னல்" ஆய்விதழின் முதல் தொகுதியில் வெளியிடப்பட்டது.