காலின் மேல் நின்ற கார்

தொடாமலே ஒருவரைத் தாக்க முடியுமா? முடியும் என்கிறது இங்கிலாந்துச் சட்டம். இதோ அடி விழப்போகிறது என்று எண்ண வைத்தாலே 'அஸால்ட்'. அடி உடலில் பட்டால் 'பேட்டரி'.

1967-ல் லண்டனில் ஃபேகன் என்பவர் காரை ஓரங்கட்டியபோது, சக்கரம் ஒரு கான்ஸ்டபிளின் பாதத்தில் ஏறி நின்றது. எடுக்கச் சொல்லியும் அவர் நிதானமாக என்ஜினை நிறுத்தினார்! ஏறியது தற்செயல், பிறகு தாம் ஒன்றுமே செய்யவில்லையே என்பது அவரது சாமர்த்தியமான வாதம். மேல்முறையீட்டில் நீதிபதிகள் மூவரில் இருவர் மசியவில்லை. சக்கரம் காலிலிருக்கும்வரை செயல் தொடர்கிறது; நடுவில் கெட்ட எண்ணம் புகுந்ததும் அது குற்றமாகிவிட்டது என்றனர்.

1997-ல் பிரபுக்கள் சபை, போனில் பேசாமலிருந்து மிரட்டுவதும் தாக்குதலாகலாம் என்றது. இந்தியச் சட்டமோ 1860 முதல் இன்றுவரை சைகையோ ஆயத்தமோ கேட்கிறது.