மறைதுகள் தேட்டம்

பேரண்டப் பொருண்மையில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு ஒளியோடு உறவாடாத கரும்பொருளாகும். நாமறிந்த துகள்களோடு மிக மெலிதாகவே பிணைந்த தனியொரு துகள் குடும்பம் அதன் பின்னே இருக்கலாம் என்பது இயற்பியலார் சிலரின் கருதுகோள். அதனை ‘மறைதுறை’ என்பர். இச்சொல்லைக் கண்டதும், திருக்குர்ஆன் கூறும் ‘கைப்’ எனும் மறைவானவை இவையே என எழுத முற்படுவோர் உளர். அது பொருந்தாது. கைப், இறைவன் அறிவித்தாலன்றி மனிதன் அறியவியலாதது. இதுவோ கருவிக்கு அகப்படும் என்று கருதியே தேடப்படுவது.

தேடும் முறை எளிது. விரைவூட்டிய துகள்கற்றையைத் தடித்த உலோகத் திண்மத்தில் மோதவிடுவர். பிறக்கும் துகள்களுள் பெரும்பாலானவற்றை உலோகமும் அதன் பின்னுள்ள மண்ணும் விழுங்கிவிடும். மறைதுகள் ஒன்று தோன்றியிருப்பின், அது ஊடுருவிச் சென்று அப்பாலுள்ள வெளியில் எலக்ட்ரான் இணை போன்றவையாகச் சிதையலாம். உணர்கருவி அதற்காகவே காத்திருக்கும். நியூட்ரினோவும் இவ்வாறே ஊடுருவும் என்பதுதான் தொல்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு நேர்முடுக்கி மையத்தில் 20 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் கற்றையைக் கொண்டு நடந்த ‘இ137’ ஆய்வில், 179 மீட்டர் குன்றே தடுப்பாயிற்று. அதன்பின் 204 மீட்டர் திறந்தவெளி. 1988இல் வெளியான முடிவு: ஒரு நிகழ்வும் இல்லை. இது வீண்முயற்சியன்று. எந்த நிறையும் எந்தப் பிணைப்பு வலிமையும் உடைய துகள் இருக்கவியலாது என்பதை அந்தச் சுழியமே வரையறுத்தது. பின்வந்த கோட்பாடுகளும் அவ்வெல்லைக்கு உட்பட வேண்டியனவாயின. மிக மெலிந்த பிணைப்புடையவை இன்னும் எஞ்சியுள்ளன. அவற்றைத் தேடவே, 400 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான் கற்றையைப் பயன்படுத்தும் ‘ஷிப்’ ஆய்வுக்கு ஜெனீவாவின் செர்ன் 2024இல் ஒப்புதல் அளித்தது.